மௌனப்பட ஊரில் ஒரு மௌன கார்

ஃப்ரீமான்ட் என்ற ஊரைத் தெரியுமா? கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த அம்மா தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சுதந்திர தேவி சிலை எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஃப்ரீமான்ட்டில் எந்தக் கடையில் கறிவேப்பிலை புதுசாக இருக்கும் என்று சொல்லிவிடுவார்.

நான் போனதும் அந்த வழியில்தான். அக்காவுக்கு இரண்டாவது குழந்தை. அம்மாவைத் தனியாக விமானம் ஏற்ற அப்பாவுக்குப் பயம். "நீ பத்திரிகைக்கு எழுதறவன்தானே? அங்கே போய் எழுது" என்று என்னையும் சேர்த்து அனுப்பிவிட்டார். ஆபீஸுக்குப் போகிறவனை யாராவது இப்படிச் சொல்வார்களா, நீங்களே சொல்லுங்கள்!

ஊர் 1956-ல்தான் பிறந்தது. சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று ஐந்து சின்ன ஊர்களைச் சேர்த்துக் கட்டி ஒரு பெயர் வைத்தார்கள். அதனால் தேரடி மாதிரி, பஸ் ஸ்டாண்ட் மாதிரி, 'இதுதான் ஊர்' என்று விரல் நீட்ட ஓர் இடம் கிடையாது. அகல அகலமான சாலைகள், ஒரே மாதிரி வீடுகள், பின்னால் மிஷன் பீக் என்று ஒரு மொட்டை மலை. அவ்வளவுதான்.

போய் இறங்கிய முதல் நாள் எனக்கு உறைத்தது மலை இல்லை. சத்தமின்மை. நாலு வரிசையில் கார்கள் போகின்றன, ஒரு ஹார்ன் கிடையாது. நம்மூரில் ஹார்ன் ஒரு பாஷை. 'நான் வர்றேன்', 'நீ போ', 'வீட்டுல சொல்லிட்டு வந்தியா' எல்லாவற்றையும் அதிலேயே பேசிவிடுவோம். இங்கே ஹார்ன் அடித்தால் அது கெட்ட வார்த்தை.

மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு, நேரம் மாறிப்போன தூக்கக் குழப்பத்தில் சோபாவில் புரண்டுகொண்டிருந்தபோது, வாசலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. சுருதிப் பெட்டி! சத்தியமாக சுருதிப் பெட்டி. யாரோ வித்வான் கச்சேரிக்கு உட்கார்ந்து சுருதி சேர்க்கிற மாதிரி 'ங்ங்ங்ங்' என்று நீளமாக. ஃப்ரீமான்ட்டில் மார்கழி உற்சவமா என்று எட்டிப் பார்த்தேன். அத்தான் காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாடியில் குழந்தை வீல் என்றது.

கார் ஒரு ஜப்பான் ஹைபிரிட். பெயர் வேண்டாம். ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போகும்போது மோட்டார் மட்டும் வேலை செய்யும், இன்ஜின் தூங்கும். 1997 டிசம்பரில் டொயோட்டா ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது இதைத்தான் அதிசயம் என்றார்கள். கார் நகர்கிறது, சத்தமே இல்லை! கார் பிறந்த நாளிலிருந்து இன்ஜினீயர்கள் சத்தத்தைக் குறைக்கத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வழியாகக் குறைத்தார்கள். குறைத்த உடனே, 'ஐயோ, சத்தமே இல்லையே' என்று முன் பம்பருக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரை வைத்து, செயற்கையாக ஒரு சத்தத்தை உண்டாக்கி விட்டிருக்கிறார்கள். கடலைமாவில் எண்ணெய் குடிக்காத பஜ்ஜி போடக் கற்றுக்கொண்டு, தட்டில் வைத்ததும் மேலே எண்ணெய் ஊற்றுகிற கதை.

அப்படித்தான் எனக்கு முதலில் தோன்றியது. அத்தானுக்கோ தோன்றுவதைத் தாண்டிக் கோபமே வந்திருந்தது. ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிற வேலை அவருக்கு. பச்சைக் குழந்தையின் அறை வாசலுக்கு நேர் மேலே. அமெரிக்க வீடு மரத்தால் ஆனது. கீழே தும்மினால் மேலே ஆயுசு சொல்லலாம். போதாக்குறைக்கு, எதிர்வீட்டுக்காரர் கார் கண்ணாடியில் ஒரு சீட்டு செருகியிருந்தார். இங்கே யாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவதில்லை, சீட்டுதான். 'காலை வேளைகளில் உங்கள் காரிலிருந்து வினோதமான ஒலி வருகிறது. ஏதேனும் பழுதாக இருக்கலாம் என்ற அக்கறையில் எழுதுகிறேன்.' எவ்வளவு மரியாதையாகத் திட்டுகிறார்கள் பாருங்கள்.

"மாப்ளே, சனிக்கிழமை அந்த ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிடறேன். பத்து நிமிஷ வேலை. நீ டார்ச் பிடி, போதும்" என்றார் அத்தான்.

"ஒர்க்‌ஷாப்ல குடுத்தா செய்ய மாட்டாங்களா அத்தான்?"

கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டாராம். "நான் தொட்டால் குற்றம். நீங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டப்படி, காரில் உள்ள பாதுகாப்பு சாதனம் எதையும் தயாரிப்பாளர், விற்பனையாளர், ரிப்பேர்க் கடைக்காரர், வாடகைக் கார் கம்பெனி செயலிழக்க வைக்கக் கூடாது. கார் சொந்தக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை! அதே சமயம், இந்தச் சத்தத்துக்கென்றே போட்ட சட்டத்தில், 'இதை அணைக்க வழி எதையும் வண்டிக்காரருக்குக் கம்பெனி கொடுக்கவே கூடாது' என்றும் இருக்கிறது. ஆக, ஸ்விட்ச் கிடையாது, கடையில் செய்ய மாட்டார்கள், ஆனால் பானெட்டைத் திறந்து நீங்களாகப் பிளக்கைப் பிடுங்கினால் அந்த மத்திய சட்டம் உங்களைத் தேடி வராது. பி.காம்.மில் வணிகச் சட்டம் படித்தவன் என்ற முறையில் இந்த ஓட்டையை நான் ரசித்தேன். டாஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் எரியும். அதன் மேல் பிள்ளையார் படத்தை ஒட்டினால் தீர்ந்தது.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் அம்மாவுக்கு ஊர் பழகிவிட்டது. புடவைக்குக் கீழே அக்காவின் ஷூவைப் போட்டுக்கொண்டு தினமும் வாக்கிங். துணைக்கு நான். பார்ட் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் வால்நட் அவென்யூ என்று ஒரு சாலை. அதில்தான் கலிஃபோர்னியாவின் அரசுப் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. 1860-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தது. பெர்க்லியில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1980-ல் இங்கே வந்தது. ஒட்டினாற்போல் காது கேளாதோர் பள்ளி. ஒரு பள்ளிக்குக் காதுதான் கண். அடுத்ததற்குக் கண்தான் காது. நடுவில் நாங்கள், இரண்டும் இருந்தும் வேடிக்கை பார்த்துக்கொண்டு.

ஒரு சிக்னலில் இருபது வயதுப் பையன் ஒருவன் வெள்ளைக் கோலுடன் நின்றிருந்தான். மூன்றடி பின்னால் பயிற்சி கொடுக்கும் பெண்மணி. பச்சை விழுந்தது. பையன் நகரவில்லை.

"பாவம்டா, பச்சை விழுந்துடுச்சு, சொல்லேன்" என்று அம்மா என் முழங்கையை இடித்தார். பயிற்சிப் பெண்மணி 'வேண்டாம்' என்று கையைக் காட்டினார். பச்சை போய் சிவப்பு வந்தது. பையன் தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி நின்றான். மறுபடி பச்சை. அவனுக்கு இணையாக நின்றிருந்த கார்கள் குபீரென்று கிளம்பின. அந்த நொடியில் கோலைத் தட்டிக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நேராகக் கடந்து போனான். நான் கண்ணைத் திறந்துகொண்டே அவ்வளவு நேராக நடந்ததில்லை.

பிறகு அந்தப் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தோம். முதல் பச்சையை அவன் வேண்டுமென்றேதான் விட்டானாம்: எத்தனை வரிசை, எங்கே நிற்கிறார்கள், எவன் திரும்பப்போகிறான் என்று கேட்டுக்கொள்வதற்கு. குறுக்கே போகும் கார்கள் நின்றுவிட்ட சத்தம், பக்கவாட்டில் போகும் கார்கள் கிளம்புகிற சத்தம், இந்த இரண்டும் சேர்ந்துதான் அவனுக்குப் பச்சை விளக்கு. நிற்கிற காரின் இன்ஜின் முனகல்கூட, 'இங்கே ஒருத்தன் இருக்கிறான்' என்று சொல்லும் தகவல்.

"அப்போ பெரிய ரோடுதான் கஷ்டம், இல்லையா?" என்று கேட்டேன்.

இல்லையாம். பெரிய ரோட்டில் வேகம் இருக்கும். டயரும் காற்றும் சத்தம் போட்டுவிடும். பார்க்கிங் இடமும், வீட்டு வாசலும்தான் பயம் என்றார். அமைதியான தெருவில், நடைபாதையின் குறுக்கே, பின்பக்கமாக வெளியே வருகிற கார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து தோண்டிப் படித்தேன். 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் லாரன்ஸ் ரோசன்ப்ளம் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு பரிசோதனை செய்தார். மெதுவாக வரும் ஹைபிரிட் காரையும், சாதாரண காரையும் பதிவு செய்து காதுக்குக் கொடுத்தார். எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று சொல்ல, ஹைபிரிட் 40 சதவீதம் கூடுதலாகக் கிட்டே வர வேண்டியிருந்தது. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு இலாகா 2011-ல் விபத்துக் கணக்கைப் பார்த்தது. நடப்பவர் மீது மோதும் வாய்ப்பு ஹைபிரிட் கார்களுக்கு 35 சதவீதம் அதிகம். சைக்கிள்காரர் மீது 57 சதவீதம் அதிகம். கண் தெரியாதவர்கள் மட்டும் இல்லை ஸார். பந்து பொறுக்கப் போகிற குழந்தை, காதில் இயர்போன், கண்ணில் செல்போன் என்று நடக்கிற நம்மைப் போன்றவர்கள், எல்லோரும் அதில் சேர்த்தி.

பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு வருஷக்கணக்கில் போராடியது. கடைசியில் 2011 ஜனவரி 4-ல் ஒபாமா கையெழுத்துப் போட்டார். சட்டம் வந்தது, விதி வரவில்லை. விதி 2016 டிசம்பரில் வந்தது. அமலுக்கு வராமல் தள்ளித் தள்ளி, எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம் என்று ஆனது 2021 மார்ச்சில். பத்து வருஷம்! தாலுகா ஆபீஸில் பட்டா மாற்ற அலைகிறவர்கள் ஆறுதல் அடையலாம்.

விதி என்ன சொல்கிறது? மணிக்கு 30 கிலோமீட்டர் வரை சத்தம் வேண்டும். அதற்கு மேல் டயர் பார்த்துக்கொள்ளும். வேகம் கூடினால் சத்தமும் கூட வேண்டும். ரிவர்ஸில் கட்டாயம். கியர் போட்டு சிக்னலில் சும்மா நிற்கும்போதும் முனக வேண்டும். (அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.) எல்லாக் கார்களும் இப்படி ஆனால் வருஷத்துக்கு 2,400 பேர் காயம்படுவது குறையும் என்று அந்த இலாகா கணக்குப் போட்டது. ஐரோப்பாவில் 20 கிலோமீட்டர் வரை போதும். அங்கே ஆரம்பத்தில் வண்டிக்காரர் அணைத்துக்கொள்ள ஒரு ஸ்விட்ச்சுக்கு அனுமதி இருந்தது. பிற்பாடு அதையும் எடுத்துவிட்டார்கள். நம் மத்திய அரசும் 2025 செப்டம்பரில், மின்சார கார், பஸ், லாரிகளுக்கு இதைக் கட்டாயமாக்க ஒரு வரைவு அறிவிப்பு வெளியிட்டது.

பிடித்த சத்தத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமா என்றும் அமெரிக்காவில் யோசித்தார்கள். 2022-ல் வேண்டாம் என்று கைவிட்டார்கள். நல்லவேளை! விட்டிருந்தால் ஃப்ரீமான்ட்டில் பாதிக் கார்கள் ரஜினி எண்ட்ரி மியூசிக்கோடு ரிவர்ஸ் வந்திருக்கும். வருவது காரா, கல்யாண ஊர்வலமா என்று அந்தப் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இதே ஊரில்தான் டெஸ்லா தொழிற்சாலையும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி 5,78,607 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. காரணம் பிரேக் இல்லை, பாட்டு. ஓடும்போது வெளி ஸ்பீக்கரில் இஷ்டப்பட்ட சத்தத்தைப் போட ஒரு வசதி வைத்திருந்தார்கள். அது எச்சரிக்கை ஒலியை அமுக்கிவிடும் என்று இலாகா பிடித்துக்கொண்டது. சாஃப்ட்வேரை மாற்றி வசதியை முடக்கினார்கள்.

அத்தான் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடியற்காலை அமைதிக்கு விலை உண்டு. அதுவும் பிள்ளை பெற்ற வீட்டில். இருக்கிற சத்தங்களில் பல, பழைய டி.வி. சீரியலில் பறக்கும் தட்டு இறங்குகிற மாதிரி இருக்கின்றன. இத்தாலியில் ஃபியட் 500 மின்சாரக் காருக்கு ஃபெலினியின் 'அமர்கார்ட்' படத்துக்கு நினோ ரோட்டா போட்ட மெட்டை வைத்தார்கள். அந்த ரசனை மற்றவர்களுக்கும் இருந்தால் எதிர்வீட்டுக்காரர் சீட்டு எழுதியிருக்க மாட்டார். ஆனால் கணக்கு எழுதப் படித்தவனுக்கு ஒன்று தெரிகிறது. இந்தச் சத்தத்தின் பற்று முழுக்க கார்க்காரர் ஏட்டில். வரவு முழுக்க முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஏட்டில். தன் ஏட்டை மட்டும் பார்க்கிறவன் வயரைத்தான் பிடுங்குவான்.

சனிக்கிழமை வந்தது. அத்தான் பானெட்டைத் தூக்கினார். நான் டார்ச் பிடித்தேன். வால்நட் அவென்யூ விஷயத்தை ஒரு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"இருக்கலாம் மாப்ளே. ஆனா அவங்க யாரும் நம்ம தெருவுக்கு வர்றதில்லையே. இங்கே காலையில அஞ்சு மணிக்கு யார் நடக்கிறா?"

"நான்தான்" என்றார் அம்மா, காபி தம்ளருடன் படியில் நின்றபடி.

"என்ன அத்தை?"

"கோலம் போட வர்றேனே மாப்பிள்ளை, தினமும்."

எங்களுக்குத் தெரியும், அம்மா ஊரிலிருந்து கோலமாவு கொண்டுவந்திருந்தார் என்று. வீட்டுப் படியில் போடுகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். அம்மா கணக்கில் வாசல் என்பது தெருவைத் தொட வேண்டும். அதனால் கார் நிற்கிற சிமெண்ட் பாதையின் கடைசியில், நடைபாதை ஓரமாக, இருட்டில், காருக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு புள்ளி வைத்திருக்கிறார்.

"போன செவ்வாக்கிழமை குனிஞ்சுகிட்டு இருக்கேன். பின்னாடி ங்ங்ங்னு கேட்டுது. மாப்பிள்ளை கிளம்பிட்டாருன்னு ஒதுங்கிக்கிட்டேன். கோலத்து மேலதான் டயரை ஏத்திட்டுப் போனீங்க."

"கேமரா இருக்கே அத்தை, தெரிஞ்சிருக்கும்..." என்று ஆரம்பித்த அத்தான் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் காதில் பெங்களூர் இருக்கும், கண்ணில் வேறு எதுவும் இருக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலே?" என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"அதான் ஒதுங்கிட்டேனே, என்ன சொல்றது?"

அத்தான் கொஞ்ச நேரம் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். பானெட்டை மூடினார். நான் டார்ச்சை அணைத்தேன்.

குழந்தை பிரச்னையை அக்கா ஒரே வாக்கியத்தில் முடித்தாள். "சாயங்காலம் வரும்போதே ரிவர்ஸ்ல உள்ளே விடுங்க, காலையில முன்பக்கமா போயிடலாம்ல?" அந்தக் காரில் ரிவர்ஸ் சத்தம்தான் பெரிசு, முன்பக்கம் போகும்போது முனகல் குறைவு. எம்.எஸ். படித்த அத்தானுக்கும் பி.காம். படித்த எனக்கும் ஒரு வாரமாகத் தோன்றாத யோசனை. எதிர்வீட்டுக்காரருக்கு அத்தான் பதில் சீட்டு எழுதினார்: பழுது இல்லை, மத்திய அரசு ஆணை. கூடவே ஒரு டப்பா முறுக்கு. டப்பா காலியாகத் திரும்பி வந்தது, 'இது எங்கே கிடைக்கும்?' என்ற சீட்டுடன்.

அன்று சாயங்காலம் அத்தான் என்னை நைல்ஸுக்கு அழைத்துப் போனார். ஐந்து ஊரில் ஒன்று என்றேனே, அது. ஒரே ஒரு கடைத்தெரு, ரயில் பாதை, பின்னால் மலைக் கணவாய். 1915-ல் சார்லி சாப்ளின் சில மாதங்கள் இங்கே இருந்து, எஸ்ஸனே ஸ்டூடியோவுக்காக ஐந்து படங்கள் எடுத்தார். 'தி ட்ராம்ப்' அதில் ஒன்று. இப்போது ஒரு மௌனப்பட மியூசியம் இருக்கிறது. பழைய தியேட்டரில் சனிக்கிழமைகளில் மௌனப்படம் போடுகிறார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். மௌனப்படம் என்றால் கொட்டகையே மௌனமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை, அந்தக் காலத்திலும் யாராவது ஒருவர் வாசித்துக்கொண்டேதான் இருப்பாராம்.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' நினைவுக்கு வந்தது. 1931-ல் வந்தது, நைல்ஸில் எடுத்ததல்ல. கண் தெரியாத பூக்காரப் பெண் ஒரு நாடோடியைப் பணக்காரன் என்று எப்படி நினைப்பாள்? பேச்சில்லாத படத்தில் இதை எப்படிக் காட்டுவது என்று சாப்ளின் மாசக்கணக்கில் தவித்து, எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்தார். கடைசியில் கிடைத்த விடை, நின்றிருந்த ஒரு பெரிய காரின் கதவு சாத்துகிற சத்தம். அவள் காதில் மட்டும் விழுகிற சத்தம், நமக்குக் கேட்காது. அதை வைத்துத்தான் முழுக் கதையும் நகர்கிறது.

படம் முடிந்து வெளியே வந்தோம். கடைத்தெருவில் நல்ல குளிர். கைத்தடி ஊன்றிய கிழவர் ஒருவர், எங்கள் காருக்குப் பின்னால் நின்றுகொண்டு, பியானோக்காரரைப் பற்றி மனைவியிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் ரிவர்ஸ் கியர் போட்டார். சுருதிப் பெட்டி ஆரம்பித்தது. கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சை நிறுத்தாமல், மனைவியின் தோளைப் பிடித்து, இரண்டு அடி நகர்ந்துகொண்டார்.